வெள்ளைக்கல் இறக்கம்

ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு இல்லை.
விடியுமுன் மழை ஓய்ந்திருந்தது.
இதல்கசின்ன ஸ்டேஷனில் சைக்கிளை இறக்கும்போது
கார்டு சிங்களத்தில் கேட்டார்,
டிக்கெட் உனக்கா இதற்கா என்று.
இரண்டுக்கும் என்றேன்.

பண்டாரவளைச் சந்தையில்
பாஸில் நானாவிடம் தவணைக்கு வாங்கியது.
முன்னால் ஷாக் எண்ணெய் கசியும்;
குழிக்கு ஒரு பெருமூச்சு விடும்.

டர்பன்டைன் காட்டுக்குள்
வெளிச்சம் சில்லறையாக விழுந்துகிடந்தது.
மரங்கள் உரித்துப்போட்ட பட்டை செயினில் மாட்டி
கொஞ்சத் தூரம் கர்ர் என்று கூடவே வந்தது.
பாதை இரண்டடி அகலம்.
இடப்பக்கம், கவ்வாத்து வெட்டிய பதினோராம் நம்பர் மலை.
வலப்பக்கம் ஒன்றுமில்லை.

அப்புறம் வெள்ளைக்கல்.
மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை ஓடுகிறதாம்;
இங்கே மட்டும் தோலைக் கிழித்துக்கொண்டு
முழங்கால் எலும்பு மாதிரி வெளியே வந்திருக்கிறது.
காய்ந்தால் மாவு. நனைந்தால் சோப்பு.
அதில் பிரேக் பிடிக்கக் கூடாது.
பிடிக்காமல் இருக்கவும் முடியாது.
உடம்பை சீட்டுக்குப் பின்னால் தள்ளி,
பெடல் இரண்டும் மட்டமாக,
பார்வை சக்கரத்தில் அல்ல, வளைவின் முடிவில்.
இதை யாரும் சொல்லித்தரவில்லை,
முழங்கையில் நாலு தழும்பு இருக்கிறது.

வளைவின் முடிவில்
ஒரு விறகுக்கட்டு நின்றது.
அதன் கீழே இரண்டு கால்கள்.

பிடித்தேன்.
பின்சக்கரம் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தது.
புல்லில் சாய்ந்து, கல்லில் தேய்ந்து,
அவள் பெருவிரலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

கட்டுக்கடியிலிருந்து முகம் திரும்பியது.
யோகமலர். ஒன்பதாம் வகுப்பில் ஒரே வாங்கு.
மாஸ்டரின் சப்பாத்தில் பேப்பர் திணித்து
நானூறு மீட்டரில் மாகாணம் வரை ஓடியவள்.
மூச்சு வாங்கினோம் இருவரும்,
வேறு வேறு காரணத்துக்கு.

அவள் சைக்கிளைப் பார்த்தாள்.
விலை கேட்கவில்லை. கியர் எத்தனை என்று கேட்கவில்லை.
விறகைக் கல்மேல் சாத்தி,
சும்மாட்டை உதறி என் கையில் தந்தாள்.
"கொண்டா."
"கல்லு வழுக்கும்டி, பிரேக்கு வேற..."
"தெரியும். பொறந்ததுல இருந்து இதுலதான் நடக்குறேன்."

செருப்பைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினாள்.
பாவாடையை இழுத்துச் செருகினாள்.
அப்புறம் அவள் இல்லை.
ஒரு கூச்சல் மட்டும்
மரங்களுக்கிடையே இடமும் வலமுமாகப் போனது,
நடுவில் ஒருமுறை அறுந்தது,
மறுபடி சேர்ந்தது, இன்னும் கீழேயிருந்து.

விறகு என்னிடம் இருந்தது.

தூக்கிவிட ஆளில்லாமல்
பாறையில் முதுகைக் கொடுத்து, குந்தி, எழுந்து, விழுந்து,
மூன்றாம் தடவை எழுந்தேன்.
நாற்பத்தைந்து செக்கனில் நான் இறங்குகிற பாதை
அரை மணித்தியாலம் பிடித்தது.
கழுத்தைத் திருப்ப முடியாது,
கண்ணை மட்டும் தாழ்த்தலாம்.
வெள்ளைக்கல்லில் சின்னச் சின்னக் குழிகள்,
ஒரு பாதம் அளவு,
எங்கே வழுக்குமோ சரியாக அங்கே.
யாரோ கத்தியால் கொத்தியவை.
நூறு தடவை இதன்மேல் தாவியிருக்கிறேன்.
கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
குதிகால் வைத்தேன். நின்றது.

அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியது.
குனிய வழியில்லை.
குடி, என்றேன்.

கீழே வாய்க்கால் பாலத்தில் அவள்.
முழங்கால் உரிந்து,
ரத்தமும் வெள்ளை மாவும் குழைந்து,
சிரிப்பை நிறுத்த முடியாமல் விக்கிக்கொண்டிருந்தாள்.
சக்கரம் கொஞ்சம் கோணல்.
"ரெண்டாவது வளைவுல
நான் மேல இருந்தேன், இது கீழ இருந்துச்சு."

விறகை இறக்கிவிட்டாள். எண்ணினாள்.
"மூணு குச்சி கொறையுது."

சக்கரத்தைக் காலிடுக்கில் வைத்து நிமிர்த்தினேன்.
சும்மாடு இன்னும் என் தலையில் இருந்தது.
அவள் அதைக் கேட்கவில்லை.
"அடுத்த ஞாயித்துக்கிழம
மேலயே நில்லு.
நான் வெறகோட வர்றேன்."